அடுப்பு எத்தனை?

முதல் நாள் முதல் வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் நான் படலையைத் தட்டியதும் நின்றுவிட்டது. "கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறன், பள்ளிக்கூட டீச்சர்" என்று கத்திப் பார்த்தேன். யன்னல் சீலை கொஞ்சம் விலகித் திரும்ப மூடியது. அவ்வளவுதான்.

2012 மார்ச் குடிசனத் தொகைமதிப்புக்கு முந்திய வாரங்கள் அவை. இலங்கையின் கிழக்கில், அக்கரைப்பற்றுப் பக்கம் ஆசிரியையாக இருந்த என்னையும் கணக்கெடுப்பாளராகப் போட்டிருந்தார்கள். கிறீஸ் பூதப் பயம் எங்கள் பகுதியை ஆட்டிவைத்து அரை வருடம்தான் ஆகியிருந்தது. 2011 ஓகஸ்டில் பொத்துவில், மட்டக்களப்பு என்று எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. உடம்பில் கிறீஸ் பூசிய ஆள் பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் புகுகிறான் என்று சனம் பொல்லும் கையுமாக இரவிரவாகக் காவல் இருந்தது. அந்தச் சூடு ஆறுமுன் கையில் கோப்போடு முன்பின் தெரியாத ஒருத்தி வந்து "வீட்டில் எத்தனை பேர், ஆம்பிளை இருக்கிறாரா" என்று கேட்டால் நானும்தான் திறக்க மாட்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் விளங்கியது. "பதிவுக்கு வந்திருக்கிறோம்" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. தமிழ்ச் சனத்துக்குப் பதிவு என்றால் யுத்த காலத்துப் பதிவு. யார் யார் இருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போனவர்கள் பிறகு எதற்கு வந்தார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. முஸ்லிம் ஒழுங்கைகளில் சிக்கல் வேறு. எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில் படிப்பதால், அங்கே என் முகம் ஒருவருக்கும் தெரியாது. விதானையார், அதாவது கிராம அலுவலர், சொல்லி, பள்ளிவாசலில் ஒரு அறிவித்தல் போனது. அடுத்த நாள் அந்தத் தையல்காரப் பெண்ணே படலையைத் திறந்து, "நேத்து வந்ததும் நீங்கதானா டீச்சர்? இரிங்க, பிளேன்டீ குடிப்பம்" என்றாள்.

கதவு திறந்தால் பாதி வேலை முடிந்தது என்று பயிற்சியில் சொன்னார்கள். முடியவில்லை. "எத்தனை குடும்பம்?" என்பதிலேயே மாட்டிக்கொண்டேன். கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்னால் ஒரு அறையைப் போட்டுக்கொள்வார்கள். இளையவளுக்கு அதே வளவில் அத்திவாரம் வெட்டியிருக்கும். குடும்பம் எத்தனை என்று கேட்டால் ஒரே வாயால் "நாங்க எல்லாம் ஒண்டுதான்" என்பார்கள். கேட்பவருக்கு அது பெருமையான பதில். படிவத்துக்கு அது உதவாது. தொகைமதிப்பில் வீட்டுக் குடித்தனம் என்பது ஒன்றாக வசித்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அதனால் மூன்றாம் நாளிலிருந்து என் முதல் கேள்வியை மாற்றிவிட்டேன்: "அடுப்பு எத்தனை?" உடனே சரியான விடை வந்தது. சில இடங்களில் தேவையில்லாத விடையும் வந்தது. ஒரு வளவில், மாமியும் மருமகனும் போன கிழமைதான் கோபித்துக்கொண்டு உலையைப் பிரித்திருக்கிறார்கள் என்பது என்னால் ஊருக்கே தெரியவந்தது.

வயது அடுத்த தலையிடி. 2004 சுனாமியில் பத்திரமெல்லாம் போன வீடுகள் எத்தனையோ. ஒரு மூத்தம்மா "எழுவதெண்டு போடு மகள்" என்றார், காய்கறிக்கு விலை சொல்வது போல. 1957 வெள்ளத்தைக் கேட்டேன். "அந்த வெள்ளத்துக்குள்ளதான் நான் பெரிய புள்ளயான" என்றார். 1978 சூறாவளியைக் கேட்டேன். கூரை பறக்கும்போது கடைசி மகன் மடியில் முலைகுடி மறக்காத பிள்ளை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தாய்க்கும் மகனுக்கும் கிட்டத்தட்ட வயது பிடித்துவிடலாம். எங்கள் மாவட்டத்தில் இந்த இரண்டு அழிவும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைவிட நம்பிக்கையானவை.

இனம் என்ற இடத்தில் சில இளம் பெடியன்கள் சண்டைக்கு வந்தார்கள். "சோனகர் எண்டு ஏன் போடுறீங்க? நாங்க முஸ்லிம்." மதத்துக்கு இஸ்லாம் என்று தனியாக இடம் இருக்கிறது, இனத்துக்கு இலங்கைச் சோனகர் என்றுதான் இருக்கிறது என்று நான் விளங்கப்படுத்த, பின்னாலிருந்து வாப்பா, "உன்ட பிறப்பத்தாட்சியப் பாருடா முதல்ல" என்று சத்தம் போட்டு முடித்துவைத்தார்.

அப்படி முடித்துவைக்க ஆள் இல்லாத இடம் அளிக்கம்பை. அங்கே போட்டிருந்தவருக்குச் சுகமில்லாமல் போக, இரண்டு நாள் துணைக்குப் போனேன். வனக்குறவர் என்று மற்ற ஊரார் சொல்லும் மக்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், என்னோடு நல்ல தமிழில் பேசினார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் தெரியுமா என்று படிவம் கேட்கிறது. பிள்ளையைத் தாலாட்டும் மொழிக்கு அதில் கட்டம் இல்லை. இனம் எது என்று கேட்டேன். ஒரே வளவில் அண்ணன் ஒன்று சொன்னார், தம்பி வேறொன்று சொன்னார். சொன்னதை அப்படியே எழுதினேன். யாரிடமும் நானாக ஒன்றை எடுத்துக்கொடுக்கவில்லை. இந்த வேலையில் நான் நிம்மதியாக நினைத்துக்கொள்ளும் விசயம் அது ஒன்றுதான்.

மலசலகூடம், குடிதண்ணீர், கூரை, எரிபொருள் என்ற கேள்விகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுத்திட்டம் வரும் என்று நினைத்தவர்கள் இருப்பதைக் குறைத்துச் சொன்னார்கள், சமுர்த்தி உதவிப்பணம் வெட்டுப்படும் என்று பயந்தவர்களும் குறைத்துத்தான் சொன்னார்கள். பெரும்போக அறுவடைக் காலம் என்பதால் ஆண்கள் வயல் வாடியில் கிடந்தார்கள். அவர்களைப் பற்றிய விபரமெல்லாம் பெண்கள் வாயால் வந்ததுதான். அதுவே நல்லதாய்ப் போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

ஒரு தமிழ் வீட்டில் எழுதி முடித்துப் பெயர்களை வாசித்துக் காட்டினேன், நாலு பேர். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அஞ்சாவது ஆளை விட்டுட்டீங்க" என்றார். மகன். 1990-இல் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. இப்போது இங்கே வசிப்பவர்களை மட்டும்தான் எழுதலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அழவில்லை. "அப்ப செத்தவர் எண்டு எழுதுவீங்களா?" என்று கேட்டார். இல்லை, அப்படியும் எழுதமாட்டோம் என்றேன். "அது போதும்" என்று எழும்பிப் போய்க் கோழிக்கு அரிசி போட்டார். அன்றைக்கு அதற்கு மேல் எந்த வீட்டுக்கும் நான் போகவில்லை.

மார்ச் 20 தொகைமதிப்பு நாள். முதலில் எழுதியதற்கும் அந்த நாளுக்கும் இடையில் பிறந்தது, இறந்தது, ஊர் மாறியது எல்லாம் திருத்தவேண்டும். எனக்கு ஒரு மௌத்தும் ஒரு பிள்ளையும். பிள்ளைக்குப் பேர் வைத்திருக்கவில்லை. பேர் இல்லாமல் கணக்கில் வருமா என்று உம்மும்மா மூன்று தரம் கேட்டார். வரும் என்று மூன்று தரமும் சொன்னேன்.

படிவங்களை ஒப்படைத்தபோது மேற்பார்வையாளர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "டீச்சர், இவ ஆருட மனைவி? தலைவரையே காணல்லயே?"

அந்தத் தையல்காரப் பெண்ணின் வீடு. கணவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்காதவரைப் போட முடியாது, வீட்டுத் தலைவர் நீங்கள்தான் என்று சொல்ல, "அவரு இல்லாம எழுதினா நாளைக்கு ஆக்கள் என்ன செல்லும்?" என்று அவள் பிடித்த பிடியில், அவர் பேரை வெட்டிவிட்டேன், அவளுக்கு நேரே 'மனைவி' என்பதை வெட்ட மறந்துவிட்டேன். அந்த மேசையிலேயே அதை வெட்டி 'தலைவர்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஒழுங்கையால் போகும்போது அவளைக் கண்டேன். திருத்தியதைச் சொல்லவில்லை. "அவரு வந்திட்டாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"பெருநாளைக்கு வாறாராம் டீச்சர்" என்றாள். "வந்தா எங்கட பேப்பரில அவர்ர பேரப் போட ஏலுமா?"