கட்டடத்துக்கு ஆள் உண்டு, சம்பளத்துக்குத்தான் இல்லை

மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் பல வருஷம் கணக்கெழுதினேன். கடற்கரையில் ஒரு கிளினிக், மலையோரத்தில் சில பள்ளிகளுக்கு உதவி, அவ்வளவுதான் எங்கள் வேலை. பணத்தில் பாதிக்கு மேல் ஜெர்மனி, இங்கிலாந்துப் பக்கமிருந்து வரும். கணக்கெழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. மேடையில் யார் என்ன பேசினாலும், பணம் எதற்கு வருகிறது, எதற்கு வர மறுக்கிறது என்பது அவன் லெட்ஜரில் தெரிந்துவிடும்.

புதுசுக்குப் பணம் ஓடி வரும். புது வகுப்பறை, புதுக் கழிப்பறை, புது மெஷின். பேர் பொறித்த கல் பதிக்க ஒரு சுவர் இருந்தால் இன்னும் வேகமாக வரும். கட்டி முடித்த கழிப்பறையைக் கழுவ ஒரு அம்மாவுக்கு மாதச் சம்பளமும், பினாயிலுக்குக் காசும் கேட்டுப் பாருங்கள். "நீண்ட காலத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதில் கடிதம் வரும். கழுவாத கழிப்பறைக்கு நீண்ட காலம் ஏது?

ஒருமுறை கிளினிக்குக்கு ஒரு பெட்டி நிறைய சுகர் பார்க்கிற மெஷின் வந்து இறங்கியது. நல்ல எண்ணத்தோடு அனுப்பியதுதான், அதில் சந்தேகமே இல்லை. கடற்கரை ஊர்களில் சுகரும் பிரஷரும் வீட்டுக்கு ஒன்று. ஆனால் அந்த மெஷினுக்கு அதே கம்பெனி ஸ்ட்ரிப்தான் பொருந்தும். நாகர்கோவிலில் எந்த மெடிக்கலிலும் அந்த மாடல் ஸ்ட்ரிப் இல்லை. கூடவே வந்த டப்பாக்களில் காலாவதித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரிப் தீர்ந்த பிறகும் சிஸ்டர் ஒரு மெஷினை மேசையிலேயே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நல்ல கடிகாரம் சாரே. மணி காட்டுது, தேதி காட்டுது, சுகர் மட்டும்தான் காட்டாது" என்றார்.

இது புதுக் கதை இல்லை. நன்கொடை மருந்துகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே விதிமுறை வெளியிட்டது. வாங்குகிறவர் கேட்டதை, அவர் சம்மதத்தோடு அனுப்ப வேண்டும், வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இதை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதினால் சில நண்பர்களுக்கு மனத்தாங்கல் வரும். எழுதாமல் விட்டால் அடுத்த பெட்டி வரும். அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்டெரிலைசர்கூட வந்தது. அது 110 வோல்ட், நம்முடையது 230. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது என் கவலை.

வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே சட்டம் கடுமை, அதனால்தான் சம்பளத்துக்குத் தர முடியவில்லை என்று பலர் சொல்வார்கள். கடுமைதான். 2020-இல் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதுக்கு இறங்கியது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றுவந்த எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு அது பலத்த அடி. பணம் வந்து விழ டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில்தான் கணக்கு இருக்க வேண்டும். மார்த்தாண்டத்துக்காரன் டெல்லியில் கணக்குத் திறக்க எத்தனை காகிதம் அனுப்ப வேண்டியிருந்தது என்று ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் அந்த விதிகளின்படி நிர்வாகச் செலவில் சேராது. சேவைக்கான நேரடிச் செலவு அது. என் சம்பளம், ஆபீஸ் வாடகை இவைதான் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். ஆக, டாக்டர் சம்பளத்துக்குக் குறுக்கே நிற்பது சட்டமில்லை. சம்பளத்தைப் போட்டோ எடுக்க முடியாது, அதுதான் விஷயம்.

போட்டோ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மலையோரப் பள்ளி ஒன்றில் உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளைப் படம் எடுக்க ஒரு வெளிநாட்டு அமைப்பிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள், அயர்ன் பண்ணிய பாவாடை சட்டை, தலை நிறைய பிச்சிப்பூ, புதுச் செருப்பு என்று வந்து நின்றாள். வந்தவர், வீட்டில் சாதாரணமாக உடுத்துவதை உடுத்திவரச் சொல்ல முடியுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன். "போட்டோ எடுக்கதுக்குன்னுதானே நல்ல துணி உடுத்திவிட்டேன்? அதை மாத்தணும்னா போட்டோவே வேண்டாம் சாரே" என்றார். பூவும் செருப்புமாகத்தான் படம் எடுத்தார்கள். அந்த வருஷ மலரில் அது வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் இல்லாமை சட்டையில் தெரியாது. அது மழைக்காலத்தில் தெரியும். இங்கே ஜூன் மாதம் மழையும் பள்ளியும் சேர்ந்தே தொடங்கும். மழை விடாமல் பெய்தால் பால் வெட்டு நிற்கும், கூலி நிற்கும். நோட்டு, யூனிஃபார்ம், பஸ் காசு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். ஜெர்மனி நண்பர்களுக்கோ ஜனவரியில்தான் வருஷம் பிறக்கிறது. ஒப்புதல் வாங்கி, பணம் வந்து சேர ஆகஸ்ட் ஆகும். டிசம்பருக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொல்வார்கள். எங்கள் கணக்கு மார்ச்சில் முடியும். வெளிநாட்டுப் பணத்துக்கு அரசாங்கத்திடம் கணக்குக் காட்டும் எஃப்.சி.-4 படிவத்துக்குக் கடைசித் தேதி மறுபடி டிசம்பர் 31. கிறிஸ்துமஸ் கேக்கை நான் ஆபீஸில்தான் தின்றிருக்கிறேன்.

கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் மண்ணுக்கு நேற்று வந்த பழக்கமில்லை. லண்டன் மிஷன்காரர்கள் மயிலாடிக்கு வந்தது 1806-இல். நெய்யூரில் 1838-இல் டாக்டர் ராம்சே வைத்தியம் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவார்டு சாமர்வெல், மலையிலிருந்து இறங்கியபின் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். காத்துக்கிடந்த கூட்டத்தையும் ஒற்றை டாக்டரையும் பார்த்தவர், லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே சேர்ந்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போனபோதும் நெய்யூர் டாக்டராகத்தான் போனார். பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் கொண்டுவந்த கருவிகளைவிட அவர் தங்கியதுதான் நெய்யூருக்குக் கிடைத்த பெரிய நன்கொடை என்பது என் எண்ணம். மதம் மாற்ற வந்தவர்கள்தானே என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி முடிப்பவர்கள் நாகர்கோவில் லேஸை மறந்துவிடுகிறார்கள். 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதை விற்ற பணமும் பள்ளியை நடத்த உதவியது. அதாவது அந்தப் பள்ளியின் புரவலர்களில் அதே பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

உள்ளூர்க்காரர்கள் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில்தான் அது 'உள்ளூர்ப் பங்களிப்பு' என்று ஒரே வரியாகப் போய்விடும். சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கோழி சந்தை விலையைப் போல மூன்று மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். ஒரு தடவை அப்படி ஓடிய சேவலின் புண்ணியத்தில் கிளினிக்குக்கு இன்வெர்ட்டர் பேட்டரி வந்தது. இன்னொரு பள்ளியில் வளாகத்துத் தேங்காயைக் குத்தகைக்கு விட்டு, கழிப்பறை கழுவும் அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக் கடிதம் கேட்ட நீண்ட காலத் திட்டம் அந்தத் தென்னையில்தான் இருந்தது.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதில் ஒரே ஒரு அமைப்பு மட்டும் வேறு மாதிரி பதில் எழுதியது. நர்ஸ் சம்பளத்தை ஐந்து வருஷம் தருகிறோம், முதல் வருஷம் முழுதாக, பிறகு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் குறைத்து, குறைவதை ஊர் ஏற்க வேண்டும் என்றார்கள். ஊர்க் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். மீன்பிடித் தடைக்கால மாதங்களில் எங்களால் முடியாது என்று ஊர்க்காரர்கள் கறாராகச் சொன்னார்கள். நியாயம்தானே. அந்த மாதங்களுக்கு மட்டும் முழுச் சம்பளத்தையும் அந்த அமைப்பே கொடுப்பதாகத் திருத்தி ஒப்பந்தம் எழுதினோம். நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஐந்து வருஷமும் முடிந்துவிட்டது. நர்ஸ் சம்பளம் இப்போது ஊர்ப் பணத்திலும் கிளினிக்கில் நோயாளிகள் தரும் சீட்டுக் காசிலும் ஓடுகிறது. டிரைவர் சம்பளத்துக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. வண்டி வாங்கித் தர மட்டும் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்.