கம்பி மறையட்டும், கண் தெரியட்டும்

மிருகக்காட்சிசாலையில் விலங்கின் முகத்தைப் படமெடுக்கப் போகிறீர்களா? புலியின் கண்ணில் வானத்தின் வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விழவில்லை என்றால் காத்திருங்கள். உச்சி வெயிலில் புருவ எலும்பின் நிழல் கண்குழியில் இறங்கி, இரண்டு கண்ணும் கருங்குழியாகிவிடும். அதை எந்த எடிட்டிங்கும் முழுசாக மீட்டுத் தராது. மேகம் மூடிய பகல் அல்லது காலை வெளிச்சம், கூடவே விலங்கு தலையைத் திறந்த வானம் பக்கம் தூக்கும் நொடி. முகத்துக்கு உயிர் வருவது அங்கேதான்.

அடுத்த தொல்லை கம்பி வலை. லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூடைக் கழற்றிவிட்டு, தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு லென்ஸ் முனையை வலையை ஒட்டிக் கொண்டுபோங்கள். லென்ஸின் குவியத் தூரம் 200 மி.மீ. அல்லது அதற்கு மேல், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) முழுக்கத் திறந்து, விலங்கு வலையிலிருந்து சில மீட்டராவது உள்ளே தள்ளி இருந்தால் கம்பி கரைந்துபோகும். வெயில் பட்டு மின்னும் கம்பி மட்டும் கரையாது, படம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுக்க வைக்கும். நிழலில் இருக்கும் பகுதியைத் தேடுங்கள். தடுப்பைத் தாண்டி எட்டுவது மட்டும் கூடவே கூடாது.

தடுப்பு கண்ணாடி என்றால் தலைகீழ். ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டி, நேர்க்கோணத்தில் எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் தடித்த கண்ணாடி உருவத்தை இழுத்து மங்கலாக்கும். கறுப்புச் சட்டை போட்டால் பிரதிபலிப்பு குறையும். ஃப்ளாஷ் வேண்டாம்: கண்ணாடியில் பட்டுத் திரும்பும், விலங்கையும் மிரட்டும்.

பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ., அப்பர்ச்சர் எஃப்/2.8, 3 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் 4 செ.மீ.கூட இருக்காது. மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் போச்சு. தானியங்கிக் கண் ஃபோகஸ் பல நேரம் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை அருகிலுள்ள கண்ணின் மேல் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடி, அதற்காக ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200 வரை போனாலும் தயங்க வேண்டாம். கறுப்புக் கரடி ஃபிரேமை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 2/3 ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). வெள்ளை விலங்குக்கு அதே அளவு கூட்டுங்கள்.

பாவனை விஷயத்தில் நேர்மை முக்கியம். சிம்பன்சி இரண்டு வரிசைப் பல்லும் தெரிய உதட்டை இழுத்தால் நமக்குச் சிரிப்பாகத் தெரியும். பெரும்பாலும் அது பயம், பணிவு. விளையாட்டு முகத்தில் வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல் பற்களை உதடு மூடியிருக்கும். பயந்த முகத்தைச் ‘சிரிப்பு’ என்று பதிவிடுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். கொட்டாவி விடும் புலியை ‘உறுமும் புலி’ ஆக்குவதும் அப்படித்தான். கொட்டாவியின் உச்சத்தில் கண் மூடிவிடும். வாய் திறக்கத் தொடங்கும்போதே தொடர்ச்சியாக எடுக்க ஆரம்பித்து, வாய் மூடிய பிறகும் இரண்டு நொடி விடாமல் எடுங்கள். கண் மறுபடி திறக்கும் அந்த ஃபிரேம்தான் பெரும்பாலும் தேறும்.

ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால் எடிட்டிங்கில் முதல் வேலை வொயிட் பேலன்ஸ், அதாவது நிறச் சமநிலை. சுற்றியுள்ள இலைகளும் கண்ணாடியும் ரோமத்தில் பச்சை ஏற்றியிருக்கும், டின்ட் ஸ்லைடரை மெஜன்டா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். கம்பியால் வந்த வெளுப்புக்கு மங்கலை நீக்கும் டீஹேஸ் 10 முதல் 15 வரை போதும். கருவிழிக்கு மட்டும் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷர் +0.3, மிஞ்சினால் +0.5. அதற்கு மேல் போனால் பொம்மைக் கண். விவரங்களைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டியை முகம் முழுக்க ஏற்றினால் ரோமம் கம்பளி மாதிரி சொரசொரப்பாகும். கிராப் செய்யும்போது பார்வை போகும் பக்கம் இடம் விடுங்கள்.

பின்னணியைக் கறுப்பாக்கும்போது மீசையைக் கவனியுங்கள். தானியங்கி மாஸ்க் முடிகளை வெட்டிவிட்டு, முகத்தைச் சுற்றி ஒரு வெளிர் விளிம்பை விட்டுவைக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியாகச் சேர்த்து, பிறகு பின்னணியை ஒரே அடியாக இல்லாமல் அரை அரை ஸ்டாப்பாக இறக்குங்கள். விளிம்பு எந்தப் படியில் தெரிய ஆரம்பிக்கிறதோ, அதற்கு முந்தைய படியில் நிறுத்திவிடுங்கள்.