மலாக்கா போனேன், போன வாரத் தேதியோடு

சிங்கப்பூருக்குப் படிக்க வந்து ஏழு மாதமாகியும் பக்கத்தில் இருக்கிற மலேசியாவை எட்டிப் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட்டைப் பையில் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விசா இல்லையே தவிர, எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். நான் வியாழக்கிழமையே ஒழுங்காக நிரப்பிவிட்டேன். வெள்ளி இரவு குரூப் பிராஜெக்ட் கழுத்தைப் பிடித்ததில் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஹோட்டல் தேதியை மாற்றினேன், பஸ் டிக்கெட்டை மாற்றினேன். இந்த அட்டையின் தேதியை மட்டும் அடியோடு மறந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிராஞ்சியில் 170-ஆம் எண் பஸ் பிடித்தேன். சிங்கப்பூர்ப் பக்கச் சோதனைச் சாவடியான உட்லண்ட்ஸில் பத்து நிமிடம். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், அதை ஊர்ந்து கடக்க முக்கால் மணி நேரம். மலேசியப் பக்கம் ஜொகூர் பாரு குடிநுழைவு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று கவுண்டரை அடைந்தால், அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். அட்டை நிரப்பியதற்கு வந்த மெயிலைப் போனில் காட்டினேன். வருகைத் தேதி மேல் விரலை வைத்து, "போன வாரம்" என்றார். அப்புறம் அதே விரலால் ஓரமாகப் போகச் சொன்னார்.

ஓரமாக நின்று நிரப்பலாம் என்றால் ரோமிங் போடவில்லை. சிங்கப்பூர் சிம்மில் ஒரு கோடு வருகிறது, போகிறது. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கம்பெனி டி-ஷர்ட் போட்ட ஒருவர், "என்ன தம்பி, ஃபார்ம் போடலியா?" என்றார். புதுக்கோட்டைக்காரர், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலையாம். "இந்தா, என் ஹாட்ஸ்பாட்ட எடுத்துக்க" என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, மெயில் வரும்வரை கூடவே நின்றார். வாகன எண் கேட்கும் பெட்டியில் என்ன போடுவது என்று நான் விழிக்க, பஸ் நம்பரையே போடச் சொன்னவரும் அவர்தான். அந்த அண்ணன் மட்டும் இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன்.

மறுபடியும் வரிசையின் வாலிலிருந்து. வெளியே வந்தபோது மணி பத்தேகால். ஜொகூர் பாருவின் லார்கின் பஸ் நிலையத்திலிருந்து பத்தரைக்குப் புறப்படும் மலாக்கா பஸ் போயேபோய்விட்டது, டிக்கெட் காசும் சேர்த்து. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் புதிதாக எடுத்தேன்.

மலாக்கா அருமை. டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடம், ஜோங்கர் தெரு இரவுச் சந்தை எல்லாம் எல்லோரும் போவதுதான். 1781-இல் மலாக்கா செட்டிகள் (தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ் வம்சாவளியினர்) எழுப்பிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலைத் தவறவிடாதீர்கள்.

போகிறவர்களுக்கு: எம்டிஏசி இலவசம். தேடினால் காசு கேட்கும் தளங்களும் வரும், என் அறைத் தோழன் ஒன்றில் பணம் கட்டி ஏமாந்தான். முகவரியில் மலேசிய அரசின் 'கவ் டாட் எம்ஒய்' (gov.my) இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் படிக்கத் தரும் அனுமதியான ஸ்டூடண்ட் பாஸ் கைக்கு வருமுன் கிளம்பாதீர்கள். பாஸ் இருந்து தரைவழியாகத் திரும்பினால் சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை. ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் மாட்டாமல் இருக்க ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் நல்ல வழி. ஐந்தே நிமிடம், அந்தப் பக்கம் ஏறினால் 5 ரிங்கிட், இந்தப் பக்கம் ஏறினால் 5 சிங்கப்பூர் வெள்ளி. ஆனால் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். எனக்குக் கிடைக்கவில்லை, பஸ்ஸில்தான் நின்றுகொண்டு வந்தேன்.

இந்த வாரம் கிளம்பும் நண்பன் ஒருவன், நான் பட்ட பாட்டைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தன் படிவத்தைச் சரிபார்க்க அனுப்பினான். தேதி சரியாக இருந்தது. பாஸ்போர்ட் எண்ணில் முதல் எழுத்தை விட்டிருந்தான்.