ஆர்தர் அரசன் முழந்தாளிட்ட மண்ணில், மாதாவுக்கு ஒரு நேர்ச்சை

எங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்து பிரிஸ்டல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா வைத்த நேர்ச்சை இது. பூசைக்கு வரும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் சிறு ஊரான கிளாஸ்டன்பரியின் மாதா படம் ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "பிள்ளை பிழைச்சு எந்திரிச்சு நடந்தா, அவன் காலாலயே உன் வாசலுக்குக் கூட்டிட்டு வாரேன் தாயே" என்று அந்தப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். பேரன் நடக்க ஆரம்பித்த செய்தி போனதும் மறுபடி கிளம்பி வந்துவிட்டார்.

கிளாஸ்டன்பரிக்கு ரயில் கிடையாது, 1966லேயே நிறுத்திவிட்டார்கள். பிரிஸ்டலிலிருந்து 376ஆம் நம்பர் பஸ்தான். வளைந்து வளைந்து போன வழியெல்லாம் மழை. மகன் என் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். அம்மா செபமாலையை நிறுத்தவே இல்லை.

இறங்கியதும் மனசு கசந்தது. கடைத்தெரு முழுக்கப் படிகக் கற்கள், பிளாஸ்டிக் வாள்கள், சீட்டு பார்த்துக் குறி சொல்கிறவர்கள். பழங்கதைகளில் வரும் பிரிட்டன் அரசன் ஆர்தரின் ஆவியோடு பேச வைப்பதாகச் சொல்லி ஓர் ஆள் எங்கள் பின்னாலேயே வந்தான், கேட்டது இருபது பவுண்ட். அந்த மண்ணுக்கு அரசன் யார், அரசி யார் என்று தெரிந்தவர்கள் இப்படி வியாபாரம் பண்ணமாட்டார்கள்.

ஆர்தர் என்றால் நமக்கு வாளும் வட்டமேசையும்தான் ஞாபகம் வரும். ஆனால் 9ஆம் நூற்றாண்டின் பழைய லத்தீன் வரலாறு ஒன்று அவன் செய்த 12 போர்களைச் சொல்லும்போது, எட்டாவதில் கன்னி மரியாளின் உருவத்தைத் தோளில் சுமந்துகொண்டு எதிரியை விரட்டினான் என்கிறது. அப்புறம் வந்த கதைகளில் அந்த உருவம் அவன் கேடயத்துக்கு வந்துவிடுகிறது. அவனுடைய வீரன் கவைன் கேடயத்தின் உள்பக்கத்தில் மாதாவை வரைந்து வைத்திருந்தானாம். எதிரி பார்க்கும் பக்கத்தில் அல்ல, சண்டையின் நடுவே தான் பார்த்துத் தைரியம் கொள்ளும் பக்கத்தில். ஆஸ்பத்திரி நாற்காலியில் அம்மா அந்தப் படத்தைப் பிடித்திருந்ததும் அப்படித்தான்.

டிக்கெட் வாங்கி, துறவிகள் வாழ்ந்த பழைய கிளாஸ்டன்பரி மடத்துக்குள் போனோம். 1184இல் தீப்பிடித்து எரிந்துபோன மடம். இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு கட்டியதாக நம்பப்பட்ட பழைய கோவில் நின்ற இடத்திலேயே மாதாவுக்கு முதலில் கோவில் எழுப்பி, 1186இல் மந்திரித்தார்கள். இன்று அதற்குக் கூரை இல்லை, சுவர்கள் நிற்கின்றன. வடக்கு வாசல் வளைவில் மங்கள வார்த்தையும் மூன்று ராஜாக்களும் சின்னச் சின்னதாகச் செதுக்கப்பட்டு, மழை தின்றும் மிச்சமிருக்கிறார்கள். அம்மா அங்கேயே ஈரத்தில் முழங்கால் போட்டுவிட்டார்.

1191இல் இங்கேதான் துறவிகள் தோண்டி, குடைந்த கருவேல மரத்துக்குள் ஆர்தரும் அரசி கினிவியரும் கிடந்ததைக் கண்டதாக அறிவித்தார்கள். புகழ்பெற்ற ஆர்தர் அரசன் அவலோன் தீவில் இங்கே அடக்கம் என்று பொறித்த ஈயச் சிலுவையும் கிடைத்ததாம். அவலோன் என்பது கதைகளில் காயப்பட்ட ஆர்தர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த தீவு. 1278இல் முதலாம் எட்வர்ட் மன்னன் தன் அரசியோடு வந்து நிற்க, அந்த எலும்புகளைப் பெரிய பீடத்தின் முன் கொண்டுபோகும் காரியம் நடந்தது. இன்று அங்கே புல்தரையும் ஒரு பலகையும்தான். எரிந்த மடத்துக்குப் பணம் சேர்க்கத் துறவிகள் செய்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வேலை அது. நான் அந்தப் புல்லில் நின்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன்.

எனக்குப் பிடித்தது பெக்கரி கதை. ஊருக்கு மேற்கே ஒரு புல்மேடு. அங்கிருந்த சிறு கோவிலுக்குப் போகும்படி கனவில் ஆர்தருக்கு உத்தரவாகிறது. போனால், வாசலில் வாள் பிடித்த இரண்டு கைகள் மறிக்கின்றன. வாளால் நாடு பிடித்தவன் அங்கே வாளை உருவவில்லை. முழந்தாளிட்டு, உள்ளே வரத் தகுதி தாரும் என்று கெஞ்சுகிறான். கைகள் மறைகின்றன. உள்ளே பூசையில் மாதா தன் மகனைக் குருவிடம் கொடுப்பதைக் கண்ணாரக் கண்டு, படிகச் சிலுவை ஒன்றைப் பெற்றுத் திரும்புகிறான். அந்த மேட்டில் கிடைத்த துறவிகளின் எலும்புகளில் சில 5, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 2016இல் சொன்னார்கள். ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலமும் அதுதானே!

மடத்துக்கு எதிரே மாதா கோவில். வாசலில் மகனை இறக்கிவிட்டேன். எத்தனை கூப்பிட்டும் நகரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா தூக்கவும் விடவில்லை. "அவன் காலாலன்னு சொல்லியிருக்கேன்." அப்புறம் என்ன தோன்றியதோ, கையை விட்டுவிட்டு, பெஞ்சுகளைத் தொட்டுத் தொட்டு, ஒருமுறை விழுந்து எழுந்து, குழந்தை இயேசுவை ஏந்திய சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, "பாப்பா" என்றான். என் மனைவி அழுத அழுகைக்குக் கோவிலில் இருந்த ஒரு பெண்மணி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். குழாய் மாட்டிய அந்தச் சின்ன மூக்கும், ஒரு கையளவு உடம்பும், ராத்திரி மணி அடித்தால் துள்ளி எழுந்த நாங்களும்... தாயே, எதைச் சொல்ல!

மெழுகுதிரிகள் ஏற்றினோம். அந்த வார்டு நர்சுகள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அம்மா ஏற்றினார், படம் கொடுத்த பாட்டிக்கும் ஒன்று. ஊருக்கு மேலே நிற்கும் டார் குன்றில் ஏற அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. 1539இல் அங்கே தூக்கிலிடப்பட்ட கடைசி மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங்குக்காகக் கீழே நின்றே செபித்தோம்.

எங்கள் பிள்ளையை நடக்க வைத்த மாதாவே, உமக்குக் கோடி நன்றி. பக்கத்தில் இருக்கிறவர்கள் போய்வாருங்கள். பெட்டிக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்புங்கள், அம்மா தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார்.