டேங்கர் கவிழ்ந்தால் புத்தகம் சொல்லும் தூரமும், சொல்லாத தூரமும்

கவிழ்ந்த டேங்கரிடம் முதலில் வாங்க வேண்டியது, உள்ளே இருக்கும் ஆபத்தான பொருள் எது என்று காட்டும் நான்கு இலக்க யுஎன் எண். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று பைனாகுலரில் படியுங்கள். கிட்டே போய்ப் படிப்பவர்தான் அடுத்த நோயாளி.

எண் கிடைத்துவிட்டால் ஈஆர்ஜி என்னும் அவசரகால வழிகாட்டிக் கையேட்டில் ஒரு நிமிட வேலை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் போக்குவரத்துத் துறைகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, இணையத்தில் இலவசம். மஞ்சள் பக்கத்தில் 1005 என்று தேடினால் அம்மோனியா, வழிகாட்டி 125 (என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆரஞ்சுப் பக்கத்தின் எண்). அந்த வரிக்குப் பச்சை பூசியிருக்கும்: சுவாசித்தால் நஞ்சு. தீ இல்லையென்றால் பச்சைப் பக்க அட்டவணைக்குப் போக வேண்டும். தீ பிடித்திருந்தால் ஆரஞ்சுப் பக்கமே தொடக்கம். 208 லிட்டர் வரையிலான அம்மோனியாக் கசிவுக்கு ஆட்களை விலக்க வேண்டியது சுற்றிலும் 30 மீட்டர், காற்று போகும் திசையில் பகலில் 100, இரவில் 200. இரவில் தரையோரக் காற்று மேலே கிளம்பாது, வாயு கலையாமல் தவழும். இரட்டிப்புக்குக் காரணம் அதுதான். பொருளே தெரியாவிட்டால் வழிகாட்டி 111.

ஆபத்தான பொருள்களின் விவரம் தரும் வைசர் என்று கைபேசியில் பலர் வைத்திருந்த செயலி 2023 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டது. இப்போதைக்கு அதே வேலையைச் செய்யும் கேமியோ கெமிக்கல்ஸ் செயலி போதும், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். நோய்க்கிருமி விஷயத்தில் இந்தக் கருவிகள் கொஞ்சம் ஏழைகள்: 2814 என்றால் வழிகாட்டி 158, அவ்வளவுதான்.

இவ்வளவும் சாலை விபத்துக்கு, அதுவும் முதல் அரை மணி நேரக் கணக்குக்கு. தொழிற்சாலைத் தொட்டிக்கு அப்படியே எடுத்துப் போனால் ஏமாற்றும்.

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்துத் தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து கசிந்த ஸ்டைரீனை, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் திரவத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். எண் 2055, வழிகாட்டி 128பி. பச்சைப் பூச்சு கிடையாது. புத்தகப்படி உடனடியாக 50 மீட்டர், பெரிய கசிவென்றால் காற்றுத் திசையில் 300. அந்த 'பி' எழுத்தைத்தான் அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. சூடானாலோ அசுத்தம் கலந்தாலோ தானாகவே பாலிமராகி (மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு) வெடிக்கக்கூடும் என்று பொருள். ஊரடங்கில் தேங்கிக் கிடந்த தொட்டியில் பாலிமராவதைத் தடுக்கும் மருந்தான டிபிசி குறைந்து, மேல்மட்டம் கொதித்து, ஆவி பீறிட்டது. 12 பேர் இறந்தார்கள்.

தொட்டிக்கு அலோஹா மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். ஓட்டையின் விட்டம், திரவ மட்டம், வெப்பம், காற்று வேகம் எல்லாம் கேட்டு வரைபடத்தில் வாயு பரவும் பகுதியை வரைந்து தரும். ஆனால் தொட்டிக்குள் நடக்கும் வேதிவினை அதற்குத் தெரியாது. மேடு பள்ளமும் தெரியாது. காற்று மிக மெல்ல வீசினால் விடையை நம்ப முடியாது. 10 கிலோமீட்டருக்கு மேல் சொல்லாது. ஸ்டைரீனின் கொதிநிலை 145 டிகிரி. வெப்பம் 30 என்று போட்டால் மெதுவாக ஆவியாகும் சிறு குட்டையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

விசாகப்பட்டினத் தொட்டியில் வெப்பமானி அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. நடுவிலும் மேலேயும் இல்லை. ஆகவே கட்டுப்பாட்டு அறையில் தொட்டியின் வெப்ப அளவைக் கேட்கும்போதே, அந்த மானி தொட்டியின் எந்த உயரத்தில் இருக்கிறது, கடைசியாக டிபிசி எப்போது சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அலோஹா காட்டும் கோட்டை ஒதுக்கிவிட்டு, காற்றுத் திசையில் இருக்கும் ஊரை முதலில் எழுப்புங்கள்.