வீட்டுச் சோதனை: வாசலில் கேட்டதும் மகஜரில் எழுத வைத்ததும்

தம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். பங்குதாரர்களுக்குள் சண்டை வந்து ஒருவர் மற்றவர் மீது மோசடிப் புகார் கொடுக்க, கணக்கு எழுதியவன் என்பதால் அதில் தம்பி பெயரும் சேர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததுமே வக்கீலம்மா சொல்லிவிட்டார்: "வீட்டுக்கு வருவாங்க. வந்தா தடுக்காதீங்க. ஆனா கேட்க வேண்டியதைக் கேளுங்க, நடக்கிறதை மகஜர்ல, அதாவது எடுக்கிற பொருளைப் பட்டியல் போடுற தாள்ல, எழுத வையுங்க." அதன் பிறகு ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சட்டத்தையும் விளக்கினார். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் வந்த காலை தம்பி வெளியூரில் இருந்தான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வாசலில் ஒரு எஸ்.ஐ., சீருடையில் ஒரு ஏட்டு, மஃப்டியில் இரண்டு பேர். "வீட்டைச் சோதனை போடணும்மா, கொஞ்சம் நகருங்க" என்றார் எஸ்.ஐ.

"வாரண்ட் இருக்கா சார்?" என்றேன். எல்லோரும் முதலில் கேட்பது அதுதானே. "விசாரணையில இருக்கிற கேஸ். வாரண்ட் தேவையில்லை" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. இது பலருக்குத் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றம் தரும் சோதனை வாரண்ட் அதன் 96-ஆம் பிரிவில் வருகிறது. 185-ஆம் பிரிவோ, வாரண்ட் வாங்கப் போனால் தாமதமாகிப் பொருள் கைக்குக் கிடைக்காமல் போகும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், வாரண்ட் இல்லாமலே தேட அனுமதிக்கிறது. ஆனால் சும்மா இல்லை. அந்தக் காரணத்தையும், எந்தப் பொருளைத் தேடுகிறார்கள் என்பதையும் வழக்கு நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். விசாரணை அதிகாரி தான் வராமல் கீழே உள்ளவரை அனுப்பினால், எந்த இடம், என்ன பொருள் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்து அனுப்ப வேண்டும்.

அதனால் அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்டேன். "சரி சார். குற்ற எண் என்ன? இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த ஆர்டரைக் காட்டுங்க, படிச்சுட்டு விடுறேன்." எஸ்.ஐ. முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கதவு எண் சரியாக இருந்தது. பொருள் என்ற இடத்தில் லேப்டாப், பென் டிரைவ், நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள் என்று இருந்தது. குற்ற எண்ணையும் அவர் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வக்கீலம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வழிவிட்டேன்.

ஏன் வழிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். குறுக்கே நின்றால் அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக, எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவில் நம்மீதே வழக்கு வரும். மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கையை நீட்டிவிட்டால் அது 132-ஆம் பிரிவு, இன்னும் பெரிய குற்றம். இன்னொன்று: சோதனையில் முறைகேடு நடந்தது என்பதற்காக மட்டுமே அதில் கிடைத்த பொருளைச் சாட்சியத்திலிருந்து ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே பூரண்மல் வழக்கில் சொல்லிவிட்டது. வாசலில் கத்தி ஜெயிக்கிற சமாசாரம் இல்லை இது. முறைகேடு இருந்தால் அது தாளில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியும்.

உள்ளே வருமுன் சாட்சி விஷயம். முன்பு சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவுப்படி அந்தப் பகுதியில் குடியிருக்கும், இரு பக்கமும் சாராத, மதிப்புள்ள இரண்டு பேரையாவது அழைத்து, அவர்கள் கண் முன்னால்தான் தேட வேண்டும். அங்கே யாரும் கிடைக்கவில்லை, அல்லது வர மறுத்தார்கள் என்றால்தான் வேறு பகுதி ஆட்கள். மஃப்டியில் வந்த இரண்டு பேரைக் காட்டி "சாட்சிங்க இவங்கதான்" என்றார் ஏட்டு. இருவரும் ஜீப்பில் கூடவே வந்தவர்கள். "எதிர் வீட்டுல ரிட்டயர்டு வாத்தியார் இருக்கார் சார், அவரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன். வாத்தியார் முதலில் தயங்கினார். கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம். நீதிமன்றம் தனியாகச் சம்மன் அனுப்பினால் ஒழிய சோதனைச் சாட்சி வர வேண்டியதில்லை என்று அதே பிரிவில் இருக்கிறது. வக்கீலம்மா ஸ்பீக்கரில் இதைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் அவரும் மஃப்டிக்காரர்களில் ஒருவரும் சாட்சி. முழு வெற்றி இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த கண் ஒன்று உள்ளே இருப்பதே போதும்.

புதிய சட்டத்தில் உருப்படியாக வந்த மாற்றம் என்றால் என்னைக் கேட்டால் வீடியோதான். சோதனையையும் பறிமுதலையும், பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவது உட்பட, ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு. மொபைலிலேயே எடுக்கலாம். ஏட்டு எடுத்தார். தம்பி அறையை முடித்துவிட்டு அம்மா அறைக்குப் போகும்போது அவருக்கு ஒரு போன் வர, பதிவு நின்றது. மற்றவர் பீரோவைத் திறக்கப் போனார். "சார், வீடியோ நின்னுடுச்சு, அவர் பேசி முடிச்சுட்டு வரட்டுமே" என்றேன், குரலை உயர்த்தாமல். எஸ்.ஐ. ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். எல்லோரும் நின்றோம். அந்த இரண்டு நிமிட மௌனத்தில் அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்!

மாடிக்குப் போகத் திரும்பினார்கள். அது வாடகைக்கு விட்ட வீடு, கதவு எண் வேறு. உத்தரவில் அந்த எண் இல்லை என்று காட்டினேன். விட்டுவிட்டார்கள். என் போனைக் கேட்டார்கள், "சும்மா பார்த்துட்டுத் தரோம்" என்று. "லிஸ்ட்ல என் போன் இல்லையே சார். எடுக்கிறதா இருந்தா மகஜர்ல எழுதிட்டு எடுங்க" என்றேன். அதையும் விட்டுவிட்டார்கள். லேப்டாப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவரைப் பாஸ்வேர்டு சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்களே இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. எனவே வக்கீலைக் கேட்காமல் அதில் யாரும் அவசரப்பட வேண்டாம்.

பெண் காவலர் யாரும் வரவில்லை. பெண் காவலர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வர முடியாது என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை. ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிப்பதாக இருந்தால்தான் இன்னொரு பெண் வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு. அதேபோல சூரியன் மறைந்த பிறகு என்ற தடையும் பெண்களைக் கைது செய்வதற்குத்தான். வீட்டுச் சோதனைக்கு அப்படி ஒரு பொதுத் தடை கிடையாது. போதைப்பொருள் சட்டம் மாதிரி சில தனிச் சட்டங்களில் நேரக் கட்டுப்பாடு வேறாக இருக்கிறது.

இனி மகஜர். இருந்த நேரத்தில் பாதி இதற்கே போனது. எடுத்த ஒவ்வொரு பொருளையும், அது எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் பட்டியலில் எழுத வேண்டும். ஏட்டு எழுதியது: "கறுப்பு நிற லேப்டாப் 1. பென் டிரைவ் 2. கணக்கு நோட்டு 1." இப்படி எழுதினால் நாளை எந்த லேப்டாப்பையும் தம்பியுடையது என்று சொல்லலாம். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடியில் இருந்த வரிசை எண்ணை வாத்தியாரே வாசிக்க, ஏட்டு எழுதிக்கொண்டார். பென் டிரைவ் ஒன்று தம்பி மேசையில் இருந்தது, மற்றது என் கைப்பையில் இருந்தது. அதைப் பிரித்து எழுதச் சொன்னேன். அப்புறம் அந்த நோட்டு. அது நிறுவனக் கணக்கே இல்லை, அம்மாவின் வீட்டுக் கணக்கு. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, "எல்லாம் செக் பண்ணணும்" என்றார்கள். சரி, எடுங்கள், ஆனால் "பச்சை அட்டை நோட்டு, சமையலறை அலமாரி மேல் தட்டு, முதல் பக்கத்தில் பால் கணக்கு" என்று எழுதுங்கள் என்றேன். எழுதும்போது ஏட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பட்டியலின் நகல் ஒன்றை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். "ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்குங்க" என்றார்கள். கொடுத்துவிட்டே போகும்படி வக்கீலம்மா போனில் சொல்ல, கார்பன் நகல் கைக்கு வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன். வேறு ஒரு தாளில் என் வாக்குமூலம் என்று எதையோ எழுதி, அதிலும் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் போடவில்லை. விசாரணையில் போலீசிடம் சொல்வதை எழுதினால், சொன்னவர் அதில் கையெழுத்திடக் கூடாது என்று 181-ஆம் பிரிவே சொல்கிறது.

கிளம்பும்போது, "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க, சின்ன விசாரணை" என்றார் எஸ்.ஐ. சாட்சியாக விசாரிப்பதற்கு ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்ல முடியாது, 179-ஆம் பிரிவு. பதினைந்து வயதுக்குக் கீழே, அறுபது வயதுக்கு மேலே உள்ள ஆண்களுக்கும் அப்படித்தான். "வீட்டுக்கே வாங்க சார், எப்ப வேணும்னாலும் பதில் சொல்றோம்" என்றேன். வரவே இல்லை.

பிறகு நடந்தது நீதிமன்ற வேலை. சோதனைக்கான காரணத்தை எழுதிய பதிவு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்க வேண்டும். மனுப் போட்டால் வீட்டுக்காரருக்கு அதன் நகலை நீதிமன்றம் இலவசமாகத் தரும். வாங்கினோம். பொருளைத் திரும்பக் கேட்கும் மனுவும் போட்டோம். பச்சை அட்டை நோட்டில் அரசு வக்கீலுக்கே ஆட்சேபம் இல்லை, முதல் பக்கத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். என் பென் டிரைவ் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு வந்தது. கைப்பையில் கிடைத்தது என்ற அந்த ஒரு வரிதான் அங்கே பேசியது.

தம்பிக்கு, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்து, வக்கீலம்மாவுடன் போய் ஆஜரானான். லேப்டாப் இன்னும் தடயவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு.