பவுண் விழுந்த வெள்ளிக்கிழமை

கொழும்பின் வெள்ளவத்தைக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதேகால் மணிக்கு அனெக்ஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து வீட்டுக்கார அன்ரியின் குரல் கேட்டது.

"ஐயோ, பவுண் விழுந்திட்டுதாம்!"

எனக்குத் தெரிந்த பவுன் எட்டுக் கிராம் தங்கம். தாலிக்கொடியிலிருந்து காசு ஏதோ கழன்றுவிட்டது போல என்று பையைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படி ஒவ்வொன்றாகக் குனிந்து தேடிக்கொண்டே ஏறினேன். மேலே அங்கிள் சாரத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி தேடுறீர்?" என்றார். சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அது இஞ்சை விழேல்லை. லண்டனிலை விழுந்தது."

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 51.9 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 48.1. கோடையில் லண்டனுக்கும் கொழும்புக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே ராத்திரி முழுக்க எண்ணிய வாக்கின் முடிவு இங்கே இடியப்பமும் சொதியும் சாப்பிடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. முந்தின இரவு ஒன்றரை டாலர் பெறுமதியாக இருந்த பவுண்ட் 1.32 டாலர் வரை இறங்கி, 31 வருடத்தில் காணாத பள்ளத்தில் கிடந்தது. பயந்த பணம் தங்கத்துக்கு ஓடியதால் அன்றைக்கே தங்கம் ஏறியது. ஆக ஒரே காலையில் அன்ரிக்கு ஒரு பவுண் விழுந்தது, இன்னொரு பவுண் ஏறியது. இரண்டுமே நட்டம். மகன் அனுப்பும் காசு குறையும்; பேத்திக்கு வாங்க நினைத்த சங்கிலியின் விலை கூடும்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் ஊரிலிருந்து கிளம்பி இன்னொரு நாட்டுக்குப் போய் அங்கேயும் பனியன் வேலை பார்ப்பதை என் மாமா இன்று வரை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில், வெளிநாட்டுக் கடைகளுக்காக ஆடை தைத்து வாங்கும் ஒரு பையிங் ஆபீஸ். பின்னல் துணி தெரிந்த மெர்ச்சன்டைசர் தேவை என்று கூப்பிட்டார்கள், வந்தேன். காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடித்தால் போதும். கடற்கரையோரமாகப் போகும் ரயிலில் வாசலில் தொங்கப் பழகியது அப்புறம்தான்.

இங்கேயும் தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று நினைத்து வந்தவன் நான். முதல் வாரமே அன்ரியிடம், "அங்கிள்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அவர் என்ன பிழை விட்டவர், தம்பி?" யாழ்ப்பாணத்துப் பேச்சில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பார்கள். எங்கள் ஊர் ட் பலதும் இங்கே எழுத்தில் ற் ஆகிவிடும். பிரிட்டனின் அந்த வெளியேற்றம் எனக்கு பிரெக்ஸிட், அங்கிள் படிக்கும் பேப்பரில் பிரெக்சிற்.

அந்த வீட்டில் பிரெக்சிற் வெளிநாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. குடும்பச் சண்டையாக இருந்தது.

மகன் போர்க்காலத்தில் லண்டன் போய் அசைலம் அடித்தவர், அதாவது அகதித் தஞ்சம் கேட்டவர். ஒன்பது வருடம் காகிதத்துக்குக் காத்திருந்து, பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்த்து, பிறகு ஹாரோவில் வீடு வாங்கினார். மகள் ஒல்லாந்துக்குக் கல்யாணம் கட்டிப் போனவர். நெதர்லாந்து என்று நான் சொன்னால் அன்ரி ஒரு நொடி யோசித்துவிட்டு ஒல்லாந்து என்று திருத்துவார். அங்கே குடியுரிமை எடுத்தபின், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு லெஸ்டருக்கு மாறினார்கள். ஐரோப்பாவில் அகதியாக இறங்கிய தமிழர் பலர் அப்படி இங்கிலாந்துக்குப் போனார்கள். ஒன்றியத்துப் பாஸ்போர்ட் இருந்தால் விசாவே வேண்டாம், பெட்டியைக் கட்டினால் போதும்.

மகன் வெளியேறு பக்கம் வாக்களித்திருந்தார். அதை அவரே வைபரில் சொன்னபோது நான் தேநீர்க் கோப்பையோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை.

"நான் ஒன்பது வருசம் லைன்ல நிண்டு எடுத்ததை அவையள் ஒரு ரிக்கற்றோட எடுத்தவை. அது நியாயமோ அப்பா?"

"அவையள் எண்டு ஆரைச் சொல்லுறாய்? உன்ர தங்கச்சியையோ?"

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, போலந்து, ருமேனியாக்காரரைச் சொன்னேன் என்றார் மகன். ஐரோப்பியர் வருவது நின்றால் நம் நாடுகளிலிருந்து வருபவர்களுக்குக் கதவு திறக்கும் என்று அங்கே பிரசாரமே நடந்தது. கறி உணவகங்களுக்கு ஆள் கிடைக்கும் என்றும் வாக்குக் கேட்டார்கள். மகன் அதை முழுசாக நம்பியிருந்தார்.

எனக்குத் தலை சுற்றியது வேறொரு விஷயத்தில். பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு உண்டு. ஒன்றியத்து நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்கள் தவிர மற்றவர்களுக்கு இல்லை. நானே அன்று ஒரு விசாவில் லண்டனில் இருந்திருந்தால், இந்தியன் என்ற முறையில் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போகலாமா வேண்டாமா என்று சொல்லியிருக்கலாம். ஒல்லாந்துக் குடிமகளாக அங்கேயே வீடு, வேலை, பிள்ளைகள் என்று இருந்த மகளுக்கு அந்த உரிமை கிடையாது.

அங்கிள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொருளாதாரம் என்றால் அவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடைதான் உதாரணம். "சங்கத்திலை இருந்து பங்கை எடுத்துப்போட்டு, பேந்து போய் அங்கத்தவர் விலைக்குச் சீனி தா எண்டு கேட்டால் மனேச்சர் தருவானோ?" இதற்கு மகனின் பதில்: "சங்கக்கடையிலை சீனி முடிஞ்சா வேறை கடைக்குப் போகவும் விடாயினம் அப்பா." ஒன்றியத்தில் இருக்கும்வரை எந்த நாடும் தனியாக வணிக ஒப்பந்தம் போட முடியாது, சுங்க வரியைத் தனியாக நிர்ணயிக்கவும் முடியாது, மகன் சொன்னது அதைத்தான். இரண்டு வாதமும் சரி என்றே எனக்குப் பட்டது. அதைச் சொல்லாமல் தேநீரைக் குடித்தேன்.

ஆபீஸில் கதை வேறு. எங்கள் பிரிட்டிஷ் வாடிக்கையாளர் ஒருவர் விலைக்குறைப்புக் கேட்டு மெயில் போட இரண்டு வாரம்தான் எடுத்தார். கணக்கு எளிது. நூலும் தையலும் டாலர் விலை. மூன்று டாலர் டீ-ஷர்ட் முன்பு அவருக்கு இரண்டு பவுண்ட். இப்போது இரண்டேகாலுக்கு மேல். கடையில் விலையை ஏற்ற முடியாது, அதனால் நீங்கள் குறையுங்கள். லெஸ்டரிலோ சண்டர்லாந்திலோ யாரோ போட்ட வாக்கு இங்கே பியகமவில் தைக்கும் ஒரு பெண்ணின் ஓவர்டைமை இப்படித்தான் வந்து தொட்டது.

இன்னொரு கவலையும் இருந்தது. மனித உரிமைக் காரணங்களுக்காக 2010 ஆகஸ்டில் ஐரோப்பா நிறுத்திய ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையைத் திரும்பப் பெற இலங்கை அப்போது படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது. அது இல்லாமல் சட்டைக்கு 9.6 சதவீதம் வரி, இருந்தால் பூச்சியம். ஐரோப்பாவில் நமக்கு மிகப் பெரிய சந்தை பிரிட்டன். கல்யாண மண்டபத்தை நாம் பிடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வெளியே போகிறார் என்றார் எங்கள் மேனேஜர். 2017 மேயில் சலுகை திரும்பி வந்தது. பிரிட்டன் ஒரேயடியாக வெளியே போக அதற்கப்புறமும் மூன்றரை வருடம் எடுத்தது.

இப்போது மரைன் டிரைவ் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாலையில் அங்கிள் கடலோரம் நடப்பார். ஓய்வு பெற்ற டொக்டர் ஒருவர், நாடகம் எழுதும் ஒருவர், சில நாள் நான். அந்த ஜூலை முழுக்க பிரெக்சிற்தான். டொக்டர் இங்கிலாந்தில் படித்தவர், அந்த முடிவு அவரைத் தனிப்பட்ட முறையில் அவமானப்படுத்தியது போலப் பேசுவார். வாரம் 350 மில்லியன் பவுண்ட் என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்களே, அந்தத் தொகை பொய் என்று விரல் விட்டு விளக்குவார். "அந்நியன் வந்திடுவான் எண்ட பயம் காட்டி வாக்கு எடுக்கிறது. படிச்ச சனம் செய்யிற வேலையோ?"

அடுத்த நிமிடமே பேச்சு எட்காவுக்கு மாறியது. இந்தியாவோடு இலங்கை செய்யவிருந்த பொருளாதார, தொழில்நுட்ப ஒப்பந்தம். 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த பொருள் வணிக உடன்பாட்டை, சேவைகளுக்கும் விரிக்கப் பார்த்தார்கள். அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் உட்படப் பல தொழில் அமைப்புகள் அந்த வருடம் அதை எதிர்த்துக்கொண்டிருந்தன.

"அதை விட்டால் முடிஞ்சுது," என்றார் டொக்டர். "இந்தியாவிலை இருந்து ஆக்கள் வந்து குவிவினம். எங்கட பெடியளுக்கு வேலை இராது."

ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது. அது போய் முடியும்வரை யாரும் பேசவில்லை. டொக்டருக்கு என் ஞாபகம் வந்தது.

"உம்மைச் சொல்லேல்லைத் தம்பி."

அங்கிள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெஸ்டர் தங்கச்சியைப் பற்றி மகனிடம் கேட்ட கேள்வியை இங்கே கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். திருப்பூரில் பீகார், ஒடிசாக்காரர்களைப் பற்றி நாங்கள் டீக்கடையில் என்ன பேசினோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. அவர்கள் வர விசாகூட வேண்டியிருக்கவில்லை.

வேறொருவரும் ஞாபகத்துக்கு வந்தார். என் பழைய கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், கோத்தகிரிக்காரர், எல்லோரும் சிலோன்காரர் என்றே கூப்பிடுவோம். அவர் அப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடில்லாதவராகி, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பச் சொன்ன 5,25,000 பேரில் ஒருவராக ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர். இந்தியாவிலிருந்து வந்து குவிந்தவர்கள் என்ற பேச்சு இந்தத் தீவில் எவ்வளவு பழையது என்பதை அந்த மனிதரிடம் கேட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது. சிலோனில் மழை எப்படி என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அதற்கப்புறமும் நடக்கப் போனேன். டொக்டர் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருவார். ஒன்றும் மாறவில்லை, எட்கா வந்தால் மட்டும் பேச்சை மாற்றுவார்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டது. இடைக்காலம் அந்த டிசம்பரோடு முடிந்தது. மகள் இணையத்தில் விண்ணப்பித்து வதிவிட உரிமை வாங்கிக்கொண்டார். எனக்கு வந்தது காகித வேலை. முன்பெல்லாம் ஒரே கன்டெய்னர் இங்கிலாந்துக் கிடங்குக்குப் போகும், அங்கிருந்து அயர்லாந்தின் டப்ளின் கடைக்கும் சட்டை போகும். இப்போது இலங்கைச் சட்டை அந்த வழியில் போனால் ஒன்றிய எல்லையில் மறுபடி வரி. அதனால் ஒரே ஆர்டரை இரண்டாகப் பிரித்து, இரண்டு பேக்கிங், இரண்டு ஆவணம். இந்த வேலையில் பிரெக்சிற்றால் யாருக்கு லாபம் என்று கேட்டால், அட்டைப்பெட்டிக்காரருக்கு என்பேன்.

2022இல் பவுண்ட் 450 ரூபாயைத் தொட்டது. வாக்கெடுப்பு வாரத்தில் அது 200க்குக் கீழே போனதற்கு அழுத அன்ரி, இப்போது காஸ் சிலிண்டர் வரிசையிலிருந்து வந்து, "பவுண் ஏறிட்டுது, ஆனா ஒண்டும் வாங்கேலாது" என்றார். ஏறியது பவுண்ட் இல்லை, விழுந்தது இங்குள்ள ரூபாய் என்று அங்கிள் விளக்கினார். அன்ரி அதைக் காதில் வாங்கவில்லை.

மகன் சொன்னதில் பாதி, அவர் நினைக்காத வழியில் நடந்தது. ஐரோப்பியருக்குக் கதவு சுருங்க, 2021 முதல் எல்லோருக்கும் ஒரே புள்ளிமுறை விசா. நம் பக்கத்து நாடுகளிலிருந்து தாதிகளும் பராமரிப்பு வேலைக்காரரும் ஏராளமாகப் போனார்கள். பிரிட்டனின் நிகர குடிவரவு 2023 ஜூன் வரையான ஓராண்டில் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. குறைப்பதற்காக வாக்களித்த ஹாரோ வீட்டில் இதைப் பற்றி வைபரில் பேச்சே வருவதில்லை. பிரிட்டனின் வரவுசெலவுக் கண்காணிப்பு அமைப்பே, ஒன்றியத்தில் இருந்திருப்பதைவிட நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறது. அங்கிள் அந்தப் பேப்பர் துண்டை வெட்டி வைத்திருக்கிறார்.

ஆனால் 2025 ஜூலையில் மகனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஐரோப்பிய விதிப்படி துணியும் இங்கே, தையலும் இங்கே நடந்தால்தான் பொதுவாகச் சலுகை. சீனத் துணியில் தைத்தால் போச்சு. பிரிட்டன் தன் திட்டத்தில் அதைத் தளர்த்தி, எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும் இலங்கை ஆடைக்கு வரியில்லை என்று அறிவித்தது. ஒன்றியத்துக்குள் இருந்தால் தனியாகச் செய்திருக்க முடியாது. அதே மாதம் 24ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. திருப்பூர் நண்பன் போன் போட்டு, "மச்சி, இனி உங்க கொழும்பு காலி" என்றான். நான் உங்க என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

அன்று மாலை மரைன் டிரைவில் டொக்டரும் இருந்தார். அவர் மகன் இப்போது இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். 2022க்குப் பிறகு போனவர்களில் ஒருவர். அங்கே குடியேற்ற விதிகளை மறுபடி இறுக்குகிறார்கள், நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் போதாதாம், பத்து ஆக்கப் பார்க்கிறார்கள் என்று கவலைப்பட்டார். வெளிநாட்டு ஆக்கள் இல்லாமல் அவங்கட ஆஸ்பத்திரி ஒரு நாள் ஓடுமோ என்றார். ஓடாது என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தபின் கேட்டார்: "உம்மட விசா புதுப்பிச்சாச்சோ?"

"அடுத்த மாசம், டொக்டர். பத்தரமுல்லைக்குப் போகணும்."

"வெள்ளனப் போம். பிந்தினால் சனம்."